பழைய பைக்கில் சார்ஜிங் பழுது: அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பேட்டரி இறங்கினால் முதலில் பேட்டரியை மாற்றுகிறோம். புதுசும் இறங்கினால் ஆர்ஆர் யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்: ஏசியை டிசியாக்கி வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) மாற்றுகிறோம். அப்போதும் சரியாகாவிட்டால்தான் ஸ்டேட்டர் காயிலை (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் செம்புச் சுற்று) பார்க்கத் தோன்றுகிறது. மூன்றையும் மாற்றிய பிறகு பார்த்தால், களிம்பேறிய ஒரு கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் ஒயரோதான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் புதிதாகப் போட்ட சாமானும் சீக்கிரம் போய்விடும். சார்ஜிங் சிஸ்டத்தில் எதையும் சந்தேகத்தின் பேரில் வாங்க வேண்டியதில்லை. சாதாரண மல்டிமீட்டரை வைத்தே பழுது எந்த இடத்தில் என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். வரிசை மாறாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வது மேக்னெட் (கிராங்க்கோடு சுழலும் காந்தச் சக்கரம்), ஸ்டேட்டர் காயில், ஆர்ஆர் யூனிட் உள்ள 12 வோல்ட் வண்டிகளுக்கு. 6 வோல்ட் வண்டியும் கார்பன் பிரஷ் வைத்த ஆல்டர்னேட்டரும் கடைசியில் தனியாக வருகின்றன.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

மேக்னெட் கவரிலிருந்து வெளியே வரும் ஒயர்களைப் பாருங்கள். மெல்லியவை பிக்கப் காயிலுக்கும் நியூட்ரல் சுவிட்சுக்கும் போகிறவை, அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தடித்த ஒயர்கள் எத்தனை என்பதுதான் கேள்வி.

ஒரே நிறத்தில் மூன்று ஒயர் வந்தால் (பெரும்பாலும் மஞ்சள்) அது த்ரீ ஃபேஸ். ஒரே நிறத்தில் இரண்டு வந்தால் அநேகமாக சிங்கிள் ஃபேஸ், ஃபுல் வேவ். இந்த இரண்டிலும் காயில் எந்த இடத்திலும் எர்த்தைத் தொடக் கூடாது. மூன்றாவது வகை பழைய சிறிய வண்டிகளில் அதிகம்: வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று இரண்டு வேறு நிறம் வரும். ஒன்று பேட்டரி சார்ஜுக்கு, மற்றொன்று ஹெட்லைட்டுக்கு நேராக ஏசி கொடுப்பதற்கு. இந்தக் காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த் செய்யப்பட்டிருக்கும். இது தெரியாமல் மீட்டர் வைத்துப் பார்த்து, "காயில் எர்த் அடித்துவிட்டது" என்று நல்ல காயிலைக் கழற்றி எறிவது அடிக்கடி நடக்கிறது. ஒயரிங் படம் கிடைத்தால் அதைப் பார்த்து வகையை உறுதிப்படுத்திக்கொண்டு தொடங்குங்கள்.

தேவையான கருவிகள்: 10 ஆம்பியர் டிசி வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், காண்டாக்ட் கிளீனர், மெல்லிய உப்புத்தாள், கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஏசி, டிசி இரண்டையும் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய இரண்டு அளவு

முதலாவது, பேட்டரியின் ஓய்வு வோல்டேஜ். சார்ஜரில் முழுதாக ஏற்றி, கழற்றி, நான்கைந்து மணி நேரம் சும்மா விட்டு அளக்க வேண்டும். ஏற்றிய உடனே அளந்தால் மீட்டர் 13-க்கு மேல் காட்டும், அதை நம்பக் கூடாது. 12.6 முதல் 12.8 வரை இருந்தால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முழுதாக ஏற்றியும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது, அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதையும் சோதிக்க முடியாது.

ஓய்வு வோல்டேஜ் சரியாக இருந்தாலும் லோடில் விழக்கூடும். மீட்டரை டெர்மினலில் வைத்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. கிக்கர் மட்டும் உள்ள வண்டியில் ஹெட்லைட்டை, அது ஏசி வகை என்றால் இண்டிகேட்டரையும் பிரேக் லைட்டையும், சேர்த்துப் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். வோல்டேஜ் நிற்காமல் சரிந்துகொண்டே போனால் அதே முடிவுதான்.

இரண்டாவது, சார்ஜிங் வோல்டேஜ். நல்ல பேட்டரி போட்டு இன்ஜினைச் சூடாக்கி, மீட்டரை பேட்டரி டெர்மினலிலேயே வைத்து, ஐடிலிலும் 4000 முதல் 5000 ஆர்பிஎம்மிலும் அளக்க வேண்டும். வேகம் ஏறும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே வந்து நிற்பதுதான் சரி. ஐடிலில் ஹெட்லைட் எரியும்போது 13-க்குக் கீழே இருப்பது பல பழைய வண்டிகளுக்கு இயல்பு, அதைப் பழுதாக எடுக்க வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "நிற்காமல் ஓடுகிறதா" என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அது விலகிய நொடியில் வோல்டேஜ் எகிறி பல்ப், சிடிஐ (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஆர்ஆர் யூனிட் எது வேண்டுமானாலும் போகலாம்.

அறிகுறி: தினமும் ஓட்டியும் பேட்டரி இறங்குகிறது; சார்ஜிங் வோல்டேஜ் 13.2-ஐத் தாண்டவில்லை

இதுதான் அதிகம் வருகிற பழுது, ஆகவே விரிவாகப் பார்ப்போம். காயில், கப்ளர், ஆர்ஆர் யூனிட், பேட்டரிக்குப் போகும் ஒயர், எர்த் என்று கரன்ட் போகும் பாதையில் எங்கோ ஓரிடத்தில் அடைபட்டிருக்கிறது.

கையால் தொட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி டெர்மினல் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா, மெயின் பியூஸ் தாங்கியின் தகடுகள் பழுப்பாகிவிட்டனவா, ஸ்டேட்டரிலிருந்து வரும் கப்ளர் எப்படி இருக்கிறது? கப்ளரைப் பிரித்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஓர் ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுத்திருந்தால், அந்த ஒயர் சூடாகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி பியூஸ் வைத்த வண்டியில் பியூஸ் இழை நன்றாக இருந்தும் மூடி கழன்று தொடர்பு விட்டுவிட்டு வரும், ஆகவே கண்ணால் பார்த்தால் போதாது, மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து வோல்டேஜ் டிராப். பலரும் விட்டுவிடும் சோதனை இது. ஆனால் இதில்தான் அதிகப் பழுது சிக்குகிறது. இன்ஜினை 4000 ஆர்பிஎம்மில் வைத்து ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆர்ஆர் யூனிட்டின் சிவப்பு அவுட்புட் ஒயரிலும் மறு முனையை பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலிலும் வையுங்கள். இடையில் பழுது இல்லாவிட்டால் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். பிறகு ஆர்ஆர் யூனிட்டின் எர்த் ஒயருக்கும் (எர்த் ஒயர் தனியாக இல்லாவிட்டால் அதன் உடலுக்கும்) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள், 0.1-க்குள் இருக்க வேண்டும். 0.8, 1 என்று வந்தால் ஆர்ஆர் 14.3 கொடுத்தும் பேட்டரிக்குப் 13.3-தான் வந்து சேர்கிறது. சாமான் எதுவும் போகவில்லை, பாதையைச் சுத்தம் செய்தால் போதும். மீட்டர் முனையை ஒவ்வொரு கப்ளராக, பியூஸாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் அளவு குதிக்கிறதோ அங்கேதான் அடைப்பு.

எர்த் பக்கம் குறை இருந்தால், ஆர்ஆர் யூனிட் பிரேமில் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய வையுங்கள். ஆர்ஆர் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று தனியாக இழுத்துவிடுவது இன்னும் நல்லது. பழைய வண்டியில் பிரேமை நம்பி எர்த் விடுவதைவிட இது எத்தனையோ மேல்.

பாதை சரியாக இருந்தும் சார்ஜ் வரவில்லையென்றால் அடுத்தது ஸ்டேட்டர். ஆர்ஆர் யூனிட்டுக்குப் போகும் கப்ளரைக் கழற்றி, ஸ்டேட்டர் பக்க முனைகளில் மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் என்றால் முதல்-இரண்டு, இரண்டு-மூன்று, முதல்-மூன்று என மூன்று ஜோடி. பெரும்பாலான வண்டிகளில் ஐடிலில் ஏறக்குறைய 15 முதல் 20 வோல்ட்டும் 5000 ஆர்பிஎம்மில் 50 முதல் 70 வோல்ட்டும் வரும். வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும். மாறக் கூடாதது ஒன்று: மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். இரண்டு ஜோடி 30, ஒன்று 60 என்று வந்தால் ஒரு ஃபேஸ் போய்விட்டது. இந்த வோல்டேஜ் கையில் ஷாக் அடிக்கும் அளவு, மீட்டர் முனையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு த்ரோட்டிலைத் திருப்புங்கள்.

இன்ஜினை நிறுத்தி அதே முனைகளில் ஓம் அளவும் எடுங்கள். ஜோடிக்கு ஜோடி 0.1 முதல் 1 ஓமுக்குள் சமமாக இருக்க வேண்டும். மீட்டர் ஒயர்களையே ஒன்றோடொன்று தொட்டால் 0.2, 0.3 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே பார்த்தால் தொடர்பே இருக்கக் கூடாது. வெள்ளை-மஞ்சள் வகையில் மட்டும் ஒவ்வொரு ஒயரும் எர்த்துக்கு ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும், அதுதான் அதற்குச் சரி.

ஓம் அளவு மட்டும் சரியாக இருப்பதை வைத்து காயில் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுற்றுகளில் நாலைந்து ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் ஓமில் வரும் வித்தியாசம் மீட்டருக்கே எட்டாது. ஏசி வோல்டேஜில்தான் அது தெரியும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் எல்லாவற்றையும் மாட்டி வண்டியை ஓடவிட்டு, மூன்று மஞ்சள் ஒயரிலும் தனித்தனியாக ஏசி கரன்ட்டைப் பாருங்கள். லோடு ஏறிய நிலையில் எந்த ஃபேஸ் சோம்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை இல்லை. ஒரு ஃபேஸ் குறைவது ஆர்ஆர் யூனிட்டாலும் இருக்கலாம் என்பதால் மேலே சொன்ன ஏசி வோல்டேஜோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காயிலும் பாதையும் தேறிவிட்டால் மிஞ்சுவது ஆர்ஆர் யூனிட். த்ரீ ஃபேஸ் யூனிட்டை மீட்டரின் டயோடு நிலையில் பார்க்கலாம். சிவப்பு முனையை ஒவ்வொரு மஞ்சளிலும் கறுப்பு முனையை யூனிட்டின் பாசிட்டிவ் அவுட்புட்டிலும் வைத்தால் 0.4 முதல் 0.7 காட்ட வேண்டும், முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. அடுத்து சிவப்பு முனையை யூனிட்டின் எர்த்திலும் கறுப்பு முனையை ஒவ்வொரு மஞ்சளிலும் வைத்துப் பாருங்கள், அதே 0.4 முதல் 0.7, மாற்றினால் ஒன்றுமில்லை. ஏதாவது ஒன்று இரண்டு பக்கமும் காட்டினால் டயோடு ஷார்ட். எந்தப் பக்கமும் காட்டாவிட்டால் ஓபன். எதிலாவது தவறினால் யூனிட் போய்விட்டது என்பது உறுதி. எல்லாவற்றிலும் தேறினால் டயோடுகள் நன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். ரெகுலேட்டர் பகுதியை இப்படிச் சோதிக்க முடியாது. வெள்ளை-மஞ்சள் வகை யூனிட்டுக்கு இந்த டயோடு சோதனையே பொருந்தாது, நன்றாக ஓடும் அதே மாடல் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

அறிகுறி: ஸ்டேட்டர் கப்ளர் திரும்பத் திரும்பக் கருகுகிறது

கப்ளர் கருகியதும் காயில் அதிகக் கரன்ட் கொடுக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் காயில் கொடுப்பது எப்போதும் கொடுக்கும் கரன்ட்தான். தளர்ந்த பின்னில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியர் போனால் அந்த ஒரு பின்னில் மட்டும் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. பிரேக் லைட் பல்ப் ஒன்றை விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குள் எரியவிட்டது போல. சூட்டில் பின்னின் இறுக்கம் போகிறது, களிம்பு ஏறுகிறது, தடை கூடுகிறது, சூடு இன்னும் ஏறுகிறது.

ஆகவே கருகிய கப்ளரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிடுவது சில நாள் வைத்தியம். ஒரு முறை சூடேறிய பித்தளைப் பின்னுக்கு ஸ்பிரிங் தன்மை திரும்ப வராது. பழுத்த பகுதிக்கு அப்பால், செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை ஒயரை வெட்டுங்கள். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது, கிரிம்பும் பிடிக்காது. புதிய கப்ளரும் தடித்த பின்களும் போட்டு, சரியான பிளையரால் கிரிம்ப் செய்து, பின்னைக் கையால் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. தண்ணீர் புகாத கப்ளராக இருந்தால் மிக நல்லது.

கப்ளரே வேண்டாம் என்று மூன்று ஒயரையும் நேராக இணைத்துவிடுவதும் தவறில்லை. அப்படிச் செய்தால் இணைப்பு ஸ்லீவ் வைத்து கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றினால், ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து அதிர்வில் முறியும், ஆகவே அந்த இடம் ஆடாதபடி பிரேமோடு கட்டிவிட வேண்டும். மூன்று இணைப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றிரண்டு அங்குலம் தள்ளித் தள்ளி வைத்தால், எதிர்காலத்தில் ஸ்லீவ் தேய்ந்தாலும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகாது.

அறிகுறி: வோல்டேஜ் 15-க்கு மேல், பல்ப் போகிறது, பேட்டரியில் ஆசிட் வாடை

பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும், ஓவர்ஃபுளோ டியூப் வழியாக ஆசிட் கசிந்து செயின் பக்கம் துரு பிடிப்பதும், மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி பக்கவாட்டில் உப்புவதும் இதன் அடையாளங்கள். பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் போயிருக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, ஆர்ஆர் யூனிட்டின் எர்த். எர்த் தளர்ந்தால் யூனிட் வோல்டேஜைத் தவறாக அளந்து அதிகமாக விட்டுவிடும். இரண்டாவது, சென்சிங் ஒயர். சில யூனிட்டுகளில் சாவிச் சுவிட்ச் வழியாக வரும் மெல்லிய ஒயர் ஒன்று கூடுதலாக இருக்கும். அதில் வரும் வோல்டேஜைப் பார்த்துத்தான் யூனிட் எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்கிறது. சாவிச் சுவிட்சின் உள்ளே தேய்ந்த காண்டாக்ட் ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால், யூனிட் தன் ஒயரில் 14.4 வரும்வரை ஏற்றிக்கொண்டே போகும், பேட்டரியில் அப்போது 15.4 இருக்கும். புது ஆர்ஆர் போட்டும் ஓவர்சார்ஜ் நிற்காத வண்டிகளில் முதலில் தேட வேண்டிய இடம் இது. சாவி ஆனில் பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்த ஒயருக்கும் இடையே அளந்து, 0.2-க்கு மேல் வந்தால் சாவிச் சுவிட்ச், கில் சுவிட்ச், பியூஸ் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

ஏசி ஹெட்லைட் வண்டியில் பேட்டரி 14.3-இல் சரியாக நின்று, ஆனால் வேகமாகப் போனால் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் சேர்ந்து ஃப்யூஸ் ஆனால், ரெகுலேட்டரின் லைட்டிங் பகுதியோ அதன் எர்த்தோ போயிருக்கிறது. பேட்டரி அளவை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஹெட்லைட் கப்ளரில் ஏசி வோல்ட் பாருங்கள்.

அறிகுறி: ஓடும்போது சார்ஜ் சரி, சில நாள் நிறுத்தினால் செல்ஃப் அடிக்கவில்லை

சார்ஜிங் வோல்டேஜ் சரியாக இருக்கும்போது ஆர்ஆர் பக்கமும் காயில் பக்கமும் போக வேண்டியதில்லை. ஒன்று பேட்டரி தானாக இறங்குகிறது, அல்லது சாவி ஆஃபிலும் ஏதோ ஒன்று கரன்ட்டை உறிஞ்சுகிறது.

சாவி ஆஃபில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் ஒயருக்கும் இடையே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் நிலை, அளவு குறைவு என்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியர். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைப் போட்டாலோ செல்ஃபைத் தொட்டாலோ மீட்டர் பியூஸ் போய்விடும். கடிகாரம், அலாரம் எதுவும் இல்லாத பழைய வண்டியில் அளவு கிட்டத்தட்ட சுழியமாக இருக்க வேண்டும், ஒரு மில்லி ஆம்பியர் வரை பொறுக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி ஒரே வாரத்தில் காலி. செல்ஃப் அதற்கு முன்பே, மூன்று நான்கு நாளில் தடுமாறத் தொடங்கிவிடும்.

கசிவு இருந்தால் முதலில் ஆர்ஆர் கப்ளரைக் கழற்றுங்கள். அளவு விழுந்தால் டயோடு கசிகிறது. விழாவிட்டால் பின்னாளில் சேர்த்த சாமான்களை (ஹாரன் ரிலே, அலாரம், மொபைல் சார்ஜர்) ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். நேராகப் பேட்டரியில் மாட்டிய மொபைல் சார்ஜர் எதுவும் மாட்டாதபோதும் கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும், அதைச் சாவிச் சுவிட்ச் வழியாக மாற்றிக் கொடுங்கள்.

கசிவே இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி, முழு சார்ஜில் ஒரு வாரம் வைத்து அளந்து பாருங்கள். 12.8-இலிருந்து 12.3-க்கு விழுந்தால் தட்டுகளில் சல்ஃபேட் ஏறிவிட்டது. தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) இன்னும் தெளிவாகச் சொல்லும்: முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும், ஒரு செல் மட்டும் 0.050-க்கு மேல் பின்தங்கினால் அது தேறாது. குறைந்த மட்டத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள், ஆசிட் ஊற்றக் கூடாது. வெளியே வைத்து ஏற்றும்போது ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் போதும், 5 ஏஎச்சுக்கு அரை ஆம்பியர். கிளம்பும் வாயு ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

அறிகுறி: காலையில் சார்ஜ் வருகிறது, அரை மணி ஓட்டினால் நின்றுவிடுகிறது

சூட்டில் மட்டும் காட்டும் பழுதைக் குளிர்ந்த வண்டியில் தேடினால் கிடைக்காது. இருபது நிமிடம் ஓட்டி, வோல்டேஜ் விழுந்த உடனே ஸ்டேட்டரின் ஏசி அளவையும் எர்த் தொடர்பையும் பாருங்கள். சூட்டில் வார்னிஷ் விட்டு எர்த்தைத் தொடும் காயில் ஆறியதும் ஒன்றும் தெரியாதவன் போல நல்ல அளவு காட்டும். காயில் சூட்டிலும் சரியாக இருந்தால் ஆர்ஆர் யூனிட் மேல் சந்தேகம் வைக்கலாம்.

ஆர்ஆர் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஷன்ட் வகை. காயில் கொடுப்பதில் வண்டிக்குத் தேவைப்படாததை எர்த்தில் ஷார்ட் செய்து தீர்த்துவிடும். அதனால்தான் ஹெட்லைட்டை எல்இடியாக மாற்றி லோடைக் குறைத்தாலும் காயிலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மிச்சமான கரன்ட் முழுதும் ஆர்ஆர் வழியாகவே சுற்றுகிறது. ஐடிலில் பேட்டரிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அந்த நன்மை உண்டு. காயிலின் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் தேவையில்லாதபோது காயிலைத் துண்டிக்கும் சீரிஸ் வகை ரெகுலேட்டர் போட வேண்டும். காயில் இரண்டாவது முறையும் கருகிய வண்டிக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். எந்த வகையானாலும் காற்று படும் இடத்தில், உலோகத் தட்டில் சமமாக உட்கார வையுங்கள், சைடு பேனலுக்குள் ரப்பர் மேல் தொங்கவிடாதீர்கள்.

அறிகுறி: ஐடிலில் லைட் மங்குகிறது, த்ரோட்டில் திருப்பினால் பிரகாசம்

ஏசி ஹெட்லைட் வண்டியில் இது பழுது இல்லை. டிசி ஹெட்லைட்டில் லேசாக மங்குவதும் இயல்பு. இண்டிகேட்டர் போடும்போது லைட் சேர்ந்து துடித்தால் மட்டும் பேட்டரி டெர்மினலையும் எர்த்தையும் பாருங்கள். 35 வாட் ஹெட்லைட், 21 வாட் பிரேக் லைட், 5 வாட் டெயில், இண்டிகேட்டர் இரண்டு 20 வாட் என்று சிக்னலில் நிற்கும்போதே 80 வாட் ஆகிவிடுகிறது. பழைய சிறிய காயில் ஐடிலில் அவ்வளவு கொடுக்காது. நெரிசலிலேயே ஓடும் வண்டியில் சிஸ்டம் முழுக்கச் சரியாக இருந்தும் பேட்டரி மெல்ல இறங்குவதற்கு இதுவே காரணம்.

அறிகுறி: மெயின் பியூஸ் போகிறது

சாவி போடும் முன்பே போனால், பேட்டரிக்கும் சாவிச் சுவிட்சுக்கும் இடையே ஒயர் உரசியிருக்கிறது, அல்லது ஆர்ஆர் டயோடு ஷார்ட். ஆர்ஆர் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்று உடனே தெரியும். ஹேண்டில் திருப்பும்போது மட்டும் போனால் ஸ்டீயரிங் கழுத்தில் ஒயர்க் கட்டைப் பிரித்துப் பாருங்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் பியூஸோடு ஆர்ஆர் டயோடும் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெரிய பியூஸ் போட்டு ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள், அடுத்து உருகுவது ஒயர்தான்.

காயில் மாற்றும்போது

மேக்னெட்டை அதற்குரிய திருகு புல்லரால் மட்டுமே கழற்றுங்கள். சுத்தியலால் தட்டினால் ஒட்டிய காந்தம் விரியும், கிராங்க்கும் கெடும். கழற்றிய மேக்னெட்டைத் துணிமேல் வையுங்கள். உள்பக்கம் போல்ட், வாஷர், இரும்புத்தூள் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் திரும்ப மாட்டவே கூடாது. சிறு வாஷர் ஒன்று போதும், புதுக் காயிலை ஸ்டார்ட் செய்த நிமிடமே கிழித்துவிடும். ஸ்டேட்டர் தகடுகளில் ஒரு பக்கம் மட்டும் உரசிய தடம் இருந்தால் கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது, புதுக் காயிலும் அதே கதிதான். கிராங்க்கில் உள்ள அரைவட்டச் சாவி வெட்டுப்படாமல் இருக்க வேண்டும், நகர்ந்தால் டைமிங் மாறும்.

காயிலைத் திரும்பச் சுற்றுவதானால் அதே கேஜ், அதே சுற்று எண்ணிக்கை, அதே திசை. வார்னிஷ் ஆயிலையும் 180 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண மோட்டார் வார்னிஷ் சூடான ஆயிலில் ஊறி உரியும். ஒயர் கவரை விட்டு வெளியேறும் ரப்பர் குரோமெட்டில் சீலன்ட் தடவி, ஒயரை அதன் கிளிப்புக்குள் மடக்கி வையுங்கள், மேக்னெட்டில் உரசுவது அங்கேதான்.

6 வோல்ட்டும் பிரஷ் வகையும்

6 வோல்ட் வண்டியில் முழு சார்ஜ் ஓய்வு வோல்டேஜ் 6.3-ஐயொட்டி இருக்கும், ஓடும்போது 7 முதல் 7.4 வரை வர வேண்டும். ரெகுலேட்டரே இல்லாத சில பழைய 6 வோல்ட் வண்டிகளில் பல்ப்தான் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறது. குறிப்பிட்ட வாட்டைவிடக் குறைந்த பல்ப் போட்டால் மற்றவை ஃப்யூஸ் ஆகும், கூடுதல் வாட் போட்டால் எல்லாமே மங்கும். வோல்டேஜ் பாதி என்பதால் அதே வாட்டுக்குக் கரன்ட் இரட்டிப்பு, இணைப்பில் சிறு தடை வந்தாலும் லைட்டில் தெரிந்துவிடும். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு, பேட்டரி மாட்டும் முன் கட்டாயம் உறுதிப்படுத்துங்கள்.

காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் (கரன்ட் கொடுத்தால் காந்தமாகும் சுற்று) உள்ள ஆல்டர்னேட்டரில் சோதனை எளிது. சாவி ஆனில், இன்ஜின் ஓடாமல், ஆல்டர்னேட்டர் கவரின் நடுவில் ஸ்குரூடிரைவரை நீட்டினால் இழுப்பு தெரிய வேண்டும். இழுப்பு இல்லையென்றால் ஃபீல்டுக்குக் கரன்ட் போகவில்லை: பிரஷ் தேய்ந்திருக்கும், ஸ்லிப் ரிங்கில் கறை படிந்திருக்கும், அல்லது ரோட்டர் ஓபன். ஸ்லிப் ரிங் இரண்டுக்கும் இடையே சில ஓம் காட்ட வேண்டும், ரிங்குக்கும் ரோட்டர் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இழுப்பு இருந்தும் சார்ஜ் இல்லாவிட்டால் ஸ்டேட்டருக்கும் ரெக்டிஃபையருக்கும் மேலே சொன்ன அதே சோதனைகள்.

வேலை முடிந்த பிறகு

பேட்டரியை வெளியே முழுதாக ஏற்றித்தான் மாட்ட வேண்டும். இறங்கிய பேட்டரியை வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் புதுக் காயிலும் ஆர்ஆர் யூனிட்டும் முதல் நாளே உச்ச லோடில் வேகும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கழற்றும்போது நேர்மாறாக. பாசிட்டிவ் எர்த் வண்டியில் இந்த வரிசையும் மாறும். அரை மணி ஓட்டிவிட்டு வந்து ஸ்டேட்டர் கப்ளரைக் கையால் தொட்டுப் பாருங்கள், லேசான வெதுவெதுப்பு இருக்கலாம், விரல் சுடக் கூடாது. ஐடிலிலும் 5000-லும் வோல்டேஜ், வோல்டேஜ் டிராப் இரண்டு பக்கமும், சாவி ஆஃபில் கசிவு, இவற்றை ஒரு சீட்டில் எழுதி பேட்டரிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது எந்த எண் மாறியிருக்கிறதோ அதிலிருந்து தேடத் தொடங்கலாம்.